நடைப் பொருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நெட் நின்றது. நஞ்சப்பன் செய்தித்தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிவி மேசைக்குப் பின்னால் கையை விட்டு, நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு ஒன்றிலிருந்து முப்பது வரை சத்தமாக எண்ண ஆரம்பித்தார். மில்லில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவர். எந்த மிஷினை நிறுத்தினாலும் முப்பது எண்ணாமல் மறுபடி ஓட விட மாட்டார்.

சமையலறையில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த மனோன்மணி, "பதினேழுக்கு அப்பறம் பத்தொம்போதுக்குத் தாவிட்டீங்க" என்றாள்.

"நீ கேக்கறியான்னு பாத்தேன் புள்ள."

பிளக்கை மாட்டினார். சிவப்பு விளக்கு மஞ்சளாகி, பச்சையானது. "ஆச்சு, வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மனோன்மணி அவரை எழுப்பப் போனபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வெளிநாட்டில் பெர்த் நகரிலிருந்து வந்திருந்த மகள் கோகிலவாணி, ஹாலில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு இருபதாம் நாள் கிளம்பினாள். கிளம்பும்போது நிபந்தனை போட்டாள். "நீ தனியா இருக்கறதுன்னா இது எப்பவும் ஓடிட்டே இருக்கோணும்மா. இது நின்னுச்சுன்னா நான் டிக்கெட் போட்டுருவேன். அப்பறம் நீ அங்க வந்து என்கூடத்தான் இருக்கோணும்."

மனோன்மணி ஒருமுறை மூன்று மாதம் பெர்த்தில் இருந்து பார்த்தவள். சுத்தமான ஊர். தெருவில் ஒரு மனிதர் வந்தால் அன்றைக்கு அது செய்தி. கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்றவளுக்கு, மிச்சக் காலத்தையாவது சத்தத்துக்கு நடுவில் கழிக்க வேண்டும் என்று ஆசை. கோயம்புத்தூரை விட்டு எங்கும் போவதாக இல்லை.

அவர் போய் முப்பதாவது நாள், வியாழக்கிழமை காலை, பச்சை விளக்கு சிவப்பானது. பெட்டி பேசியது. அது பேசும் என்று மனோன்மணிக்குத் தெரியும். அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வணக்கம், விருந்தினர் ஒன்று. வீட்டுத் தலைவர் முப்பது நாட்களாக நடமாடவில்லை. பாதுகாப்புக் கருதி இணைப்பை மூடியிருக்கிறேன். அவர் திரும்பியதும் ஹாலில் ஒருமுறை நடக்கச் சொல்லவும்."

"யாரு விருந்தாளி?" என்றாள் மனோன்மணி.

"நீங்கள்தான். ஐந்து வருடம் இரண்டு மாதமாகத் தங்கியிருக்கிறீர்கள். உங்கள் வருகை மகிழ்ச்சி அளிக்கிறது."

மனோன்மணி பிளக்கைப் பிடுங்கினாள். முப்பது எண்ணினாள், ஒன்றைக்கூட விடாமல். மறுபடி மாட்டினாள். சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு. "மீண்டும் வருக, விருந்தினர் ஒன்று" என்றது பெட்டி.

அரை மணி நேரத்தில் கோகிலவாணி போனில் வந்துவிட்டாள். "கேமரா கருப்பா இருக்குது. என்னாச்சு? ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலைன்னா டிக்கெட்."

கேபிள் அந்தோணி சாயங்காலம் வந்தார். அந்தப் பகுதிக்கு டிவி கேபிள் இழுத்த காலத்திலிருந்து அவர்தான். இப்போது ஐம்பதைத் தாண்டி, முன்வழுக்கையோடு இன்டர்நெட் கொடுக்கிறார். தன் போனைப் பெட்டிக்கு ஒயர் போட்டு இணைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, ஓட்டைல ஊசி வெச்சுக் குத்துனா சரியாயிர்ற பெட்டி இல்லீங்க இது. ஆளோட நடையப் பாத்துத் தொறக்கற பெட்டி."

"அதுக்குக் கண்ணு எங்க இருக்குது?"

"கண்ணே வேண்டாமுங்க. வீடு பூரா அலை போயிட்டே இருக்குது. நாம நடந்தா, தண்ணித் தொட்டிக்குள்ள கைய விட்டாப்பல அது கலங்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி கலங்கும். செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னாக்கூட அதுக்குத் தெரியும். பாஸ்வேர்டுன்னா ஆளுக மறந்துபோயிர்றாங்கன்னு கம்பெனிக்காரன் இதக் கண்டுபுடிச்சான். நடைய யாரும் மறக்க மாட்டாங்கல்ல?"

"செத்துப்போவாங்கல்ல?"

அந்தோணி போனை மடியில் வைத்தார். "அத அவன் யோசிக்கலீங்க."

"அது கெடக்கட்டும். என்னைய எதுக்கு விருந்தாளின்னு சொல்லுது?"

"அது எந் தப்புத்தானுங்க. பெட்டி வெச்ச மொத வாரம், வீட்டுத் தலைவரு ஒருத்தரு மட்டும் ஹாலுல நடக்கோணும், வேற ஆளு குறுக்க வந்தா கலந்துபோயிரும்னு சாருகிட்டச் சொன்னேன்."

மனோன்மணிக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் படுக்கையறைக்குப் போக வேண்டுமென்றால் கொல்லைப்புறமாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நஞ்சப்பன் தினமும் மூன்று வேளை ஹாலில் குடியரசு தின அணிவகுப்புப் போல நடந்தார். சிரித்தபடி எட்டிப் பார்த்தவளை, "உள்ள போ புள்ள, ரெக்கார்ட் ஆயிட்டிருக்குது" என்று விரட்டினார்.

"காரியத்துக்கு வந்தவங்கள எல்லாம் சேத்து விருந்தினர் நாப்பத்தேழு வரைக்கும் இருக்குதுங்க" என்றார் அந்தோணி, போனைப் பார்த்தபடி. "பதினாறாம் நாள 'இல்ல விழா'ன்னு போட்டு வெச்சிருக்குது."

"இதுக்கு என்ன வழி?"

"டெத் சர்ட்டிபிகேட்ட அனுப்புனா கம்பெனியில எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக் குடுப்பாங்க. இருவத்தொரு வேலை நாளு ஆகும்."

"எல்லாத்தையும்னா?"

"சாரோட நடையத்தானுங்க. அஞ்சு வருசத்துது பூரா உள்ள இருக்குது."

மனோன்மணி எழுந்து போய் அந்தோணிக்குக் காபி கலந்துகொண்டு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, "இருவத்தொரு நாளுன்னா அதுக்குள்ள கோகி டிக்கெட்டே போட்டுருவா. அது சரிப்படாது" என்றாள். அந்தோணியும் வேறு காரணம் எதுவும் கேட்கவில்லை.

"அவரு நடையத்தான கேக்குது?" என்றாள் மனோன்மணி. "நடந்து காட்டிட்டாப் போச்சு."

"அக்கா, அது தண்ணியத்தான் பாக்கும். மனுச ஒடம்பு பாதிக்கு மேல தண்ணி. சாரு எத்தன கிலோ?"

"அறுவத்தஞ்சு."

"நீங்க?"

"அம்பத்தஞ்சு."

"பத்து லிட்டரு கொறையுது" என்றார் அந்தோணி.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு மெஹருன்னிசா டீச்சர் விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தார். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்தில்தான் இருக்கும், பால்காரரைக் கூப்பிட வசதி. நடை சம்பந்தப்பட்ட ஒரு காரியம் தன்னைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் நடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

முதலில் அந்தோணியை நடக்கவிட்டார்கள். ஆம்பளை நடைக்கு ஆம்பளை நடை ஒத்துப்போகும் என்பது டீச்சரின் கணக்கு. அந்தோணி நான்கு எட்டு வைத்ததும் பெட்டி சொன்னது: "அறிமுகமற்ற நடை. நடைப் பொருத்தம் பதினொன்று. காவல் துறையை அழைக்கட்டுமா?"

"லைனையே மூடி வெச்சுட்டு எப்பிடிக் கூப்புடுவ?" என்றார் அந்தோணி.

பெட்டி சற்று யோசித்தது. "வேண்டாம் என்று பதிவு செய்துகொள்கிறேன்."

அடுத்து மனோன்மணி. இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்களை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, பழைய நூல் சேலையால் இடுப்பில் இறுக்கிக் கட்டினார் டீச்சர். சேலை காலைத் தடுக்கக் கூடாது என்று நஞ்சப்பனின் கட்டம் போட்ட லுங்கியும் சட்டையும். சட்டைக்கு மேல் கேன், கேனுக்கு மேல் முடிச்சு. கண்ணாடியில் தன்னைப் பார்த்த மனோன்மணி, முப்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள். சிரித்ததில் பின் கேன் நழுவி, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

"பொருத்தம் முப்பத்திரண்டு" என்றது பெட்டி.

"மணி, அது நீ நடக்கற நடை!" என்றார் டீச்சர். "அண்ணன் இப்பிடியா நடப்பாரு? கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கறாப்பல நடக்கற. நல்லா யோசன பண்ணி நட."

யோசித்துப் பார்த்தபோதுதான் மனோன்மணிக்கு ஒன்று புரிந்தது. அவர் நடந்ததை அவள் பார்த்ததே குறைவு. சமையலறைக்குள் இருந்து கேட்டதுதான் அதிகம். முப்பத்தெட்டு வருடச் சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரக், டப். சரக், டப். சரக் என்பது இடது குதிகால், மில்லில் அடிபட்டது, தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். எட்டாவது எட்டில் நிற்கும். அது காலண்டர். எந்தத் தேதியிலும் ஒரு வேலையும் இல்லாத மனிதர் தினமும் தேதி பார்ப்பார். அப்புறம் ஒரு செருமல். அப்புறம் மூன்று எட்டு, விரைவாக.

கண்ணைத் திறக்காமலே நடந்தாள். ஐம்பத்தெட்டு. அக்குளில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு நடந்தாள். எழுபத்தொன்று. டீச்சர் விசிலை எடுத்து ஊதி, "அப்பிடித்தான்! இடது தோளு இன்னும் கொஞ்சம் தாழணும்" என்றார். எழுபத்தெட்டு. அந்தோணி தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, சாரே வர்றாப்பல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை நடந்தாள். பொருத்தம் எண்பத்து நான்கில் நின்றுவிட்டது. பெட்டிக்குத் தொண்ணூறு வேண்டும். இடுப்பு வலி ஒரு பக்கம், கேன் முடிச்சு ஒரு பக்கம்.

"என்னதான் கொறையுது, சொல்லித்தொலையேன்" என்றாள் பெட்டியிடம்.

"தனியுரிமை காரணமாக விருந்தினரிடம் சொல்ல இயலாது."

"முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துனவளுக்கு இல்லாத தனியுரிமையா!" என்று டீச்சர் பெட்டியை அடிக்கப் போனார். அந்தோணிதான் தடுத்தார். லைன்மேன் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு, அதில் ஏதாவது இருக்கும் என்று போனைத் தோண்டினார். கடைசியில் ஒரு வரி கிடைத்தது. அதை வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டுப் பிறகு சத்தமாகப் படித்தார்.

"வழக்கமான நிறுத்தம் இல்லைன்னு போட்டிருக்குதுங்க. தெனமும் காலையில ஏழு பத்து. எடம் சமையக்கட்டு வாசல். நாப்பது நொடி."

மனோன்மணி அந்தோணியைப் பார்த்தாள், பிறகு சமையலறை வாசலைப் பார்த்தாள்.

ஏழு பத்துக்கு அவள் அடுப்பருகில் இருப்பாள். சட்னி அரைக்கிற நேரம். வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மிக்சி சத்தத்தில் சரக்கும் கேட்காது, டப்பும் கேட்காது. ஐந்து வருடமாக, அதற்கு முன்பு எத்தனை வருடமோ, அந்த மனிதர் தினமும் அவள் பின்னால் வந்து நாற்பது நொடி நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தோணி எதற்கோ ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றார் டீச்சர், மெதுவாக, "கல்யாண போட்டோவுலகூட கேமராக்காரனத்தான் பாத்தாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. மெஹருன்னிசா டீச்சர் மனோன்மணியின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு மிக்சியை ஓட விட்டார். அந்தோணி பெட்டிக்கு அருகில். மனோன்மணி கேன்களோடு சரக் டப் என்று வந்து, காலண்டரில் நின்று, செருமி, மூன்று எட்டு வைத்து, வாசலில் நின்றாள். எதிரில் தன் சேலை, தன் அடுப்பு, தன் இடம். இங்கிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினால் பொருத்தம் குறையுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டு நாற்பது எண்ணினாள்.

"எம்பத்தொம்போது!" என்று கத்தினார் அந்தோணி. "அக்கா, ஒண்ணே ஒண்ணு! வலது கை ஒசரலைன்னு போடுது!"

"வலது கையா?"

"மேல போயி, வாய்க்கு வந்து, மறுபடி மேல போகோணுமாம்."

மனோன்மணி நின்ற இடத்திலிருந்து வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் பிரிட்ஜ். அதன் தலைமேல், விருந்தாளிகளுக்கென்று அவள் வாங்கி வைக்கும் கடலை மிட்டாய் டின்.

வீட்டில் வெல்லத்தை ஒளித்து வைப்பாள். சீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். சர்க்கரை முந்நூறைத் தொட்ட மனிதர். டாக்டரிடம் போகும்போதெல்லாம், "எப்பிடித்தான் ஏறுதுன்னே தெரியலீங்க டாக்டர்" என்று அவளுக்கு முன்னால் அவரும் சேர்ந்து கவலைப்படுவார். அந்த டின் மட்டும் மாதம் ஒன்று காலியாகும். வந்தவர் போனவர் தின்கிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"அந்தோணி" என்றாள். "இந்த டின்னக் காலி பண்றது நீங்கன்னுதான் நான் இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன்."

"அக்கா!" என்றார் அந்தோணி, அடிபட்டவர் போல.

"மிக்சி ஓடற நேரமாப் பாத்து வந்திருக்காரு பாருங்க! மூடி தொறக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு! திருட்டு மனுசன்! டாக்டருகிட்ட என்ன பேச்சு, என்ன கவல!" கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அது எந்தக் கணக்கில் வருகிற கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டாள். "டீச்சர், இன்னொரு தடவ மிக்சியப் போடுங்க."

"சட்னி கூழாயிருச்சு மணி."

"ஆகட்டும், போடுங்க."

மறுபடி வந்தாள். வாசலில் நின்றாள். வலது கையை உயர்த்தி, டின் மூடியை விரலால் நெம்பி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கை தானாகச் செய்தது. ஆனால் கண்ணை டீச்சரின் முதுகிலிருந்து எடுக்க முடியவில்லை. எந்த நொடியில் திரும்புவாளோ என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கொண்டை அசைந்தால் அசைவு, வளையல் இறங்கினால் இறக்கம், ஒன்றையும் விட முடியவில்லை. திருடுகிறவன் அப்படித்தான் பார்த்தாக வேண்டும். தினமும் நாற்பது நொடி, இமைக்காமல். பயந்து பார்த்தாலும், பார்த்தது பார்த்ததுதான் என்று மனோன்மணிக்குத் தோன்றியது. இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"வணக்கம், நஞ்சப்பன்" என்றது பெட்டி. "நடைப் பொருத்தம் தொண்ணூற்று நான்கு. முப்பத்து மூன்று நாட்களுக்குப் பிறகு வருகிறீர்கள். நலமா?"

வாய் நிறையக் கடலை மிட்டாயோடு, "ம்" என்றாள் மனோன்மணி.

பச்சை விளக்கு வந்த ஐந்தாவது நிமிடம் கோகிலவாணி போனில் வந்தாள். கேமராவில் என்ன தெரிந்திருக்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

"அம்மா! அது அப்பா லுங்கிதான? இடுப்புல என்ன கேனு? மெஹருன்னிசா ஆன்ட்டி எதுக்கு உன் சேலையக் கட்டிட்டு விசில் ஊதறாங்க?"

"எக்சர்சைஸ்!" என்றார் டீச்சர், போனை நோக்கி.

"நீ தனியா இருப்பியேன்னு பயந்து செத்துட்டு இருந்தேன்" என்றாள் கோகிலவாணி. "நான்தான் இங்க தனியா இருக்கறனாட்ட இருக்குது. சரி, டிக்கெட் போடல. கேமரா ஓடுனாப் போதும்."

போனை வைத்ததும் அந்தோணி சொன்னார்: "அக்கா, இப்பப் பெட்டி தொறந்திருக்குது. ஒரு பட்டன்தான். உங்கள வீட்டுத் தலைவராப் போட்டறலாம். சாரோடது அழிஞ்சிரும். அவ்வளவுதான்."

"அழிக்காம விட்டா?"

"முப்பது நாளைக்கு ஒருக்கா நீங்க இதக் கட்டிட்டு நடக்கோணும். இல்லைன்னா இன்னொண்ணு இருக்குது. தெனமும் நடந்தீங்கன்னா, பெட்டி புது நடையப் பழசோட கொஞ்சங் கொஞ்சமாக் கலந்துக்கும். தெனம் ஒரு டம்ளரு தண்ணியக் கொறச்சுட்டே வந்தா, சாரு எளைக்கறாருன்னு நெனச்சுக்கும். ஒரு நா கேனே இல்லாம நீங்க நடந்தாலும் தொறக்கும். ஆனா..." அவர் தயங்கினார். "அதுக்குள்ள சாரோட நடை மிஞ்சாதுங்க. உங்க நடையாயிருக்கும்."

மனோன்மணி இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கேன்களைத் தரையில் வைத்தாள்.

"ஒரேயடியாப் போறதுக்கு மெதுவாப் போகட்டும்" என்றாள்.

ஐப்பசி முடிவதற்குள் இரண்டு கேன்களும் காலியாகிவிட்டன. செய்தித்தாளை அவள் இப்போது மேசையிலேயே விட்டுவிடுகிறாள். கார்த்திகையில் ஒரு நாள் பெட்டி அதுவாகவே பேசியது: "நஞ்சப்பன், உங்கள் எடை பத்து கிலோ குறைந்திருக்கிறது. இடது குதிகாலும் நன்கு குணமடைந்துள்ளது. வாழ்த்துகள்." மனோன்மணி நன்றி சொன்னாள். அன்றைக்குப் பகல் முழுவதும் அவள் ஹால் பக்கமே போகவில்லை. மறுநாள் டீச்சரிடம் சொன்னபோது இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் நடையில் இனிப் பெட்டிக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று அந்தோணிக்கும் சொல்லத் தெரியவில்லை. காலையில் ஏழு பத்துக்கு மனோன்மணி மிக்சியை ஓட விட்டுவிட்டு, வாசலுக்கு வந்து அடுப்பைப் பார்த்து நிற்கிறாள்.

கடலை மிட்டாய் டின் முன்பு போலவே மாதம் ஒன்று காலியாகிறது.